நான்காம் கோட்டைப் பெரியப்பா

மார்ச் 4

தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ குழந்தை எழுதியது என்று நினைக்காதே. நான்தான். தினமும் ஒரு பக்கமாவது வலது கையால் எழுத வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லிவிட்டாள். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். பிடித்தவர்களுக்கு எழுதினால் நாலு வரியில் நலம் விசாரித்து முடிந்துவிடும். கோபம் இருக்கிறவனுக்கு எழுதினால்தான் பக்கம் நிறையும்.

உன் போனை நான் ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாய், அதனால் எழுதியே விடுகிறேன். கண்ணாடிக் கதவு உடைந்து வலது மணிக்கட்டு அறுபட்டு, ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தேன். டாக்டர் உள்ளே நரம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். வெளியே நீ, நான் செயற்கைப் பல் செய்கிற லேபுக்குப் போன் போட்டு, "அக்கா இனிமே வேலைக்கு வரமாட்டாங்க, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னை யார் கேட்டது? கல்யாணம் ஆகி, பிரிந்து, வீடு மாறி, எல்லாம் ஆனபோதும் மெழுகில் பல் செதுக்குகிற அந்த நாற்காலியை மட்டும் நான் விட்டதில்லை. இப்போது அதில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை இத்தனை ஊர் மாறியும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறாயே, அது ஆச்சரியம்தான். அது இன்னும் வேலை செய்வது அதைவிட ஆச்சரியம். பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி எனக்கு வாழ்க்கையே வெறுத்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும், "இத விளையாடுங்க, கட்டைவிரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.

சிக்கல் என்ன என்றால், எனக்குப் பாதி விளையாட்டுத்தான் தெரியும். நம் வீட்டில் இருந்தது ஒரே ரிமோட். முறை வைத்து விளையாடலாம் என்றால் நீ அழுவாய். அதனால் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து ஆளுக்குப் பாதி பிடித்துக்கொண்டோம். இடது பக்கம் எனக்கு: நடப்பது, ஓடுவது, திரும்புவது. வலது பக்கம் உனக்கு: வாள் வீசுவது. உன் பக்கத்துப் பட்டன்களை நான் தொட்டதே கிடையாது.

முதல் மூன்று கோட்டைகளைத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டேன். நான்காம் கோட்டையில் பெரியப்பா நிற்கிறார். இரும்புத் தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து, எங்கே போனாலும் மறிக்கிற உடம்பு. நம் நிஜப் பெரியப்பா திட்டுவதற்கு முன்னால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. பேர் வைத்தது நீதான். ஒரு எதிரியை 'அவன்' என்று எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை பார்.

வாரம் தவறாமல் நாம் ஜெயித்த ஆள்தானே? இப்போது பக்கத்திலேயே போக முடியவில்லை. எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பெட்டிக்கு நன்றி. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்தேன். படித்த பிறகும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு துணிக்கடையில் லிஃப்ட் ரிப்பேர். லிஃப்டின் கூரை மேல் ஏறி உட்கார்ந்து பிரித்தேன். 'தம்பிக்கு' என்ற அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. கூட வேலை செய்கிறவன் என்னடா என்றான், கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்றேன். இரண்டு கண்ணிலுமா என்று கேட்டான்.

சரி, பெரியப்பா. சிவப்புப் பட்டன்தான் வாள். அவர் சங்கிலியில் கட்டிய இரும்பு உருண்டையைச் சுழற்றித் தரையில் போடுவார். போட்டுவிட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போது தொப்பி தூக்கும், கழுத்து தெரியும். அந்த நேரம் பார்த்து அழுத்து. கழுத்தில் மூன்று அடி விழுந்தால் ஆள் காலி, கதவு திறந்துவிடும். வேறு ஒரு வித்தையும் இல்லை. நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இதை எழுதும்போதே பாரேன், என் கட்டைவிரல் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

போன் விஷயம். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். கையில் கட்டோடு ஒரு ஸ்பூனைத் தூக்க முடியாமல் நீ பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். இனியும் எதற்கு அந்த மெழுகும் கத்தியும்? இங்கே என்னோடு வந்து இரு. ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். உன் தம்பி மனைவியும் இதையேதான் சொல்கிறாள்.

உன் கை சீக்கிரம் குணமாக வேண்டும்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியுமாம். நான் என்ன பறவையா? உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவள் நல்ல பெண், உனக்குத்தான் பொருத்தமில்லை.

உன் வித்தையை நம்பி ஒரு வாரமாக மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போது அழுத்து என்று சுலபமாக எழுதிவிட்டாய். அவர் சிரிக்கும் வரை உயிரோடு இருந்தால்தானே கழுத்தைப் பார்ப்பதற்கு? உருண்டை நேராக என் தலையில்தான் விழுகிறது.

அதற்கு நடுவில் லேபிலிருந்து ஒரு செய்தி. முதலாளியம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதக் கடைசியில் நான் போய் அவர் கண்முன்னால் ஒரு கடைவாய்ப்பல்லை மெழுகில் செதுக்கிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் என் நாற்காலி எனக்கு, புது ஆள் பிளாஸ்டர் அச்சு எடுக்கிற வேலைக்குப் போவார். வராவிட்டால் எனக்கு வாசலில் பில் போடுகிற மேசை. முதலாளியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நான் வேலைக்கு வரமாட்டேன் என்று என் சொந்தத் தம்பியே சொன்ன பிறகும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார். பேனா பிடிக்க வந்துவிட்டது. ஆனால் கடைவாய்ப்பல்லில் இருக்கிற சின்னச் சின்ன மேடு பள்ளத்தைக் கத்தி முனையால் எடுக்க, கட்டைவிரல் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். இப்போதைக்கு அது என் பேச்சைக் கேட்பதில்லை.

இனி முக்கியமான விஷயம். முந்தாநாள் நிஜப் பெரியப்பா என்னைப் பார்க்க வந்தார். டிவியை அணைக்க மறந்துவிட்டேன். சாவிக்கொத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையையே பார்த்தார்.

"இது யாரும்மா?"

"ஒரு காவக்காரர், பெரியப்பா."

"ஆளு நல்லா கம்பீரமா இருக்காரே. எதுக்கு அவரப் போட்டு அடிக்கிற?"

"அவருகிட்ட சாவி இருக்கு, பெரியப்பா. அது வேணும்."

"கேட்டா குடுக்க மாட்டாரா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சும்மா விரலை மட்டும் ரிமோட்டில் வைத்திருந்தேன். அப்போது என் இடது கை தானாக ஒரு காரியம் செய்தது. உருண்டை கீழே இறங்குவதற்கு முன்னால் நம் ஆளைப் பின்னால் இழுத்தது. உருண்டை முன்னால் விழுந்தது. உடனே அதே கை ஆளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. திரையில் இருந்தவர் சிரித்தார், தொப்பி தூக்கியது, முதல் தடவையாக அந்தக் கழுத்தைப் பார்த்தேன். அழுத்தத்தான் தாமதமாகிவிட்டது. நிஜப் பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

இத்தனை நாளும் என் கவனம் முழுக்க வலது விரல் மேலேயே இருந்திருக்கிறது. இடது கை தன் வேலையைச் செய்ய நான் விடவே இல்லை. புரிகிறதாடா? அந்தக் காலத்தில் உன்னை அடிபடாமல் பின்னால் இழுத்ததும் நான், கழுத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியதும் நான். நீ ஒரு பட்டனை அழுத்திவிட்டு எழுந்து நின்று கட்டிலில் குதித்தாய். இதில் கண்ணை மூடிக்கொண்டு செய்வானாம்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். 'உனக்குத்தான் பொருத்தமில்லை' என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

பின்னால் இழுத்தது நீ என்று எனக்குத் தெரியவே தெரியாது. அக்கா, சத்தியமாகத் தெரியாது. நான் பெரியப்பாவின் தொப்பியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஆள் எங்கே நிற்கிறான் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தொப்பி தூக்கும், நான் அழுத்துவேன், கழுத்தில் படும். எப்படிச் சரியாகப் படுகிறது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் கை ராசியான கை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு நாளாக வேலையில் புத்தி ஓடவில்லை. நீ அப்படி என்னை எங்கெங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தொழிற்பள்ளியில் சேரமாட்டேன் என்று நான் படுத்துக்கொண்டபோது எழுப்பி வாசல் வரை கூட்டிக்கொண்டு போனது நீ. இப்போதைய வேலைக்கு விண்ணப்பம் எழுதியது நீ. என் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் பேசியதும் நீதான். நான் ஒவ்வொரு இடத்திலும் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுக் கட்டிலில் குதித்திருக்கிறேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்ன ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன். நன்றி, அக்கா.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் கிடந்தாய். என்னைப் பின்னால் இழுக்க ஆளில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் பட்ட பட்டனை அழுத்திவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். பயத்தில் செய்தேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், நீ கண் விழிக்கும் வரை காத்திருந்திருக்க வேண்டும். தப்பு என் மேல்தான்.

மரம் தெரிகிற அறையை நாங்கள் சாமான் போட்டு வைத்துக்கொள்கிறோம். நீ விருந்தாளியாக வந்தால் ஒதுக்கித் தருகிறோம்.

முதலாளியம்மாவிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்கட்டுமா? நீ சரி என்றால் மட்டும்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

யாரிடமும் பேசாதே. போனைக் கையில் எடுக்கிற ஆசை வந்தால் அந்தக் கையை லிஃப்ட் கதவில் வைத்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உனக்கு இவ்வளவு எழுத வரும் என்று தெரிந்திருந்தால் அந்த விண்ணப்பத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். கோபத்தில் பெரும்பாகம் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், வயதான காலத்துக்கு ஆகும்.

நானும் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் காலை மடக்க இடமில்லாத ஒரு நாற்காலியில் நீ தூங்கினாய். எனக்குத் தலை அலசிவிட்டாய். அக்காவுக்குத் தலை அலசிவிட எத்தனை தம்பிக்கு மனம் வரும்? பக்கத்துக் கட்டில்காரி உன்னை என் மகன் என்று நினைத்தாள், நான் திருத்தவே இல்லை. உன் போன் மேல் இருந்த கோபத்தில் இதையெல்லாம் மறந்த மாதிரி இருந்துவிட்டேன். மறக்கவில்லை. அன்றைக்கு நீ இல்லாவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு அடி வரை போய்விட்டேன். மூன்றாவது அடிக்கு முன்னால் அவருக்குக் கோபம் வந்து உருண்டையை இரண்டு பக்கமும் வீசுகிறார், அங்கே விழுந்துவிடுகிறேன். விழுந்தால் என்ன? மறுபடி கதவைத் திறந்துகொண்டு போனால் அதே இடத்தில் அப்படியே நிற்கிறார். அவருக்குச் சலிப்பே இல்லை. 'இன்னுமா வரல' என்று கேட்பதில்லை, நேற்றைக்கு நன்றாகச் செய்தாயே என்று உச்சுக்கொட்டுவதில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிசியோதெரபி பெண்ணுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். இவர் ஒருவர்தான் நான் எத்தனை தடவை போனாலும் முதல் தடவை வந்தவளைப் போல நினைத்து முழு பலத்தோடு அடிக்கிறார். கை சரியில்லாதவள் ஆயிற்றே என்று கொஞ்சம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. அடிபட்ட நாளிலிருந்து எல்லாரும் எனக்கு விட்டுக்கொடுத்தே என்னைப் பாதி ஆளாக்கிவிட்டீர்கள். இந்த மனுஷனுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நேற்று மோசமான நாள். சோப்பில் பல் செதுக்கிப் பழகுகிறேன். மூன்று சோப்பும் உடைந்தது. கட்டைவிரல் இழுத்துக்கொண்டு விறைத்துவிட்டது, இன்னொரு கையால் பிரித்துவிட வேண்டியிருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பில் போடுகிற மேசை கண்முன்னால் வந்து நின்றது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இருபத்தெட்டாம் தேதி லேபுக்குப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னதாகவே இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் எழுத வேண்டாம்.

நேற்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா. நான் மேலேயிருந்து வழக்கம்போலச் சத்தம் போட்டேன்: "ஒண்ணையும் தொடாதீங்க, நான் பாத்துக்கறேன்." என் பிழைப்பில் தினமும் சொல்கிற வார்த்தை. அந்த அம்மா உள்ளேயிருந்து, "தம்பி, மூச்சு முட்டுது, நானும் ஏதாவது செய்றேன், சொல்லுங்க, சும்மா நிக்க முடியல" என்றார். கதவின் இடுக்கில் விரலை விட்டு அவர் பக்கமிருந்து தள்ளச் சொன்னேன். நானும் இந்தப் பக்கமிருந்து தள்ளினேன். கதவு திறந்ததும் அவர் முகத்தில் பயமே இல்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஒன்றையும் தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

நான் போன் செய்ய மாட்டேன். முதலாளியம்மாவுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. நீ அங்கே செதுக்கிக்கொண்டிருக்கும்போது நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது, உனக்கே தெரியும். உன் கையை அன்றைக்கு நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், முடிவைப் பார்க்கக் கடைசிக்கு ஓடாதே.

லேபுக்குள் போனதும் அந்தச் சூடான மெழுகு வாசனை வந்தது. புது ஆள் எழுந்து என் நாற்காலியைத் துடைத்து விட்டார். நல்ல மனிதர், அவரைக் கரித்துக்கொட்டியதற்கு வெட்கமாக இருந்தது. முதலாளியம்மா என் கையைப் பார்க்கவில்லை, சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. பிளாஸ்டர் அச்சை முன்னால் வைத்தார். "கீழ்க் கடவாப் பல்லு. செய்" என்றார். எதிரில் உட்கார்ந்து வேறு வேலை பார்க்க ஆரம்பித்தார்.

முதல் மேடு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கட்டைவிரல் துடித்தது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு புத்தி வந்தது. வலது விரலைப் பார்ப்பதை விட்டேன். அச்சைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தேன். அது அச்சை லேசாகப் பின்னால் இழுத்து, திருப்பி, கத்திக்கு நேராகக் கொண்டுவந்து கொடுத்தது. வலது விரல் அழுத்தியது, நின்றது. வாழ்நாள் முழுக்க நான் பல் செதுக்கியதும் இப்படித்தானாம், இடது கை கொண்டுவந்து கொடுக்க வலது கை வெட்டியிருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

நடுவில் ஒரு தடவை தவறியது. மெழுகு வைத்து அடைத்துவிட்டு மறுபடி செய்தேன். விழுந்தால் மறுபடி கதவைத் திறந்துகொண்டு போகிற பழக்கம்தான் வந்துவிட்டதே. முன்பெல்லாம் ஒரு பல்லுக்கு ஆகிற நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆனது. முதலாளியம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அடுத்த அச்சை எடுத்து என் முன்னால் வைத்து, "இது வியாழக்கிழமை போகணும்" என்றார்.

அவ்வளவுதான். நான் கழிவறைக்குப் போய் இன்னொரு தடவை தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அந்த முதல் பல் உலோகத்தில் வார்ப்பாகி, யாரோ ஒருவர் வாயில் இந்நேரம் ஏறியிருக்கும். சூடாக ஏதோ கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நம் பெரியப்பாவுக்கு அதில் பங்கு உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவரை நான் ஜெயித்தேனா என்று நீ கேட்பாய். இல்லை. மூன்றாவது அடி இன்னும் விழவில்லை. ஜெயிக்க மனமில்லாமல் விட்டுவைத்தேன் என்று நினைத்து உருகாதே, நேரமில்லை. வீட்டுக்கு வரும்போது கை ஓய்ந்துவிடுகிறது. அவர் அங்கேயே நிற்கட்டும். அவருக்குத்தான் சலிப்பே கிடையாதே.

உனக்கு என்ன சொல்வது? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாய் பார், நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அது. பெட்டிக்கும் அதற்கும் தலை அலசிவிட்டதற்கும் நன்றி. மிச்சம் வைத்திருந்த கோபத்தையும் தேடிப் பார்த்தேன், காணோம்.

இனிமேல் இவ்வளவு நீளமாக எழுத என்னால் முடியாது. போன் பண்ணு, எடுக்கிறேன். ஆனால் சாயங்காலம் பண்ணு. பகலில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், கையில் மெழுகு இருக்கும்.

அக்கா